நொச்சி எண்ணெயில் காணாமல் போன கற்பூரம்

சமயநல்லூரைத் தாண்டி வாடிப்பட்டிக்குப் போகிற வழியில், இடது கைப்பக்கம், சுற்றியுள்ள வயலுக்கும் வரப்புக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெரிய வளைவு நிற்கும். தென்மண்டல நறுமண இலை ஆராய்ச்சி மையம் என்று அதில் எழுதியிருக்கும். உள்ளே போனால் தோட்டம். தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் ஒரு பலகை. வேம்பு: கற்பூரம் உள்ளது. கொய்யா: கற்பூரம் உள்ளது. கறிவேப்பிலை: கற்பூரம் உள்ளது. முருங்கை, ஆவாரை, புங்கை என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கலாம், அலுப்புத் தட்டுமே தவிர கற்பூரம் தீராது. இத்தனை இலைகளையும் வடித்து, எண்ணெய் எடுத்து, கருவியில் கொடுத்துப் பார்த்து, ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் கற்பூரத்தைக் கண்டுபிடித்த பெருமை இந்த மையத்துக்கு உண்டு. உலகத்தில் வேறு யாருக்கும் முருங்கை இலையில் கற்பூரம் கிடைத்ததில்லை. மற்றவர்களுடைய கருவிகள் சரியில்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று மையத்தின் இயக்குநர் முனைவர் வெள்ளைத்துரை பல மேடைகளில் விளக்கியிருக்கிறார்.

தாமரைச்செல்வி இங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது நல்ல இலைகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. "நொச்சி இருக்கு, எடுத்துக்கம்மா" என்றார் அவளுக்கு வழிகாட்டியாகவும் அமைந்துவிட்ட வெள்ளைத்துரை, கடைசியாக மிஞ்சிய சேலையைத் தள்ளிவிடும் கடைக்காரர் மாதிரி. ஆனால் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அவள் பிறந்த வாடிப்பட்டிப் பக்கம் கண்மாய்க் கரை, வயல் வேலி, வாய்க்கால் ஓரம் எல்லாம் நொச்சிதான். சளி பிடித்தால் நொச்சி ஆவி, தலை பாரமென்றால் தலையணைக்குள் நொச்சி, கொசு வந்தால் நொச்சிப் புகை. இப்படி மூக்கோடு பழகிய வாசனைக்குள் என்னென்ன கலந்திருக்கிறது, எது கொசுவை விரட்டுகிறது, கோடை இலைக்கும் மழைக்கால இலைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பது அவளுடைய ஆய்வு. ஆசைப்பட்டுத்தான் உழைத்தாள். மூட்டை மூட்டையாக இலை பறித்துக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரோடு கொதிக்கவைத்து, எழும்பும் ஆவியைக் குளிரவைத்தால், தண்ணீர் மேல் மெல்லிசாக எண்ணெய் மிதக்கும். ஒரு மூட்டை இலைக்குச் சுண்டு விரல் நுனி நனையும் அளவு.

எல்லாம் முடிந்து ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி. எண்ணெயை மையத்தின் பெரிய கருவியில் கொடுக்க வேண்டும். அந்தக் கருவி எண்ணெயை ஆவியாக்கி, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூம்பு வரைந்து, இது இன்னது என்று பெயரும் சொல்லிவிடும். அந்தத் தாளை ஆய்வேட்டில் சேர்த்து, இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக அலுவலகம் மூடுவதற்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் அவளுடைய பதிவு ரத்து. இத்தனை வருஷ உழைப்பும் கொதித்த தண்ணீரோடு போய்விடும். பட்டம் வந்தால்தான் ஏதாவதொரு கல்லூரியில் நிரந்தரமாக உட்காரலாம். தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவள் கணவன் பாண்டியராஜன் ஆய்வேடு முழுவதையும் அச்சடித்து, நடுவில் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வெள்ளைத் தாள் செருகி வைத்திருந்தான்.

"அந்த ஒரு ஷீட்டை மட்டும் குடு தாமரை. மத்ததெல்லாம் ரெடி" என்று தினமும் கேட்டான். அவள் தினமும் "வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

கருவிக்குள் எண்ணெய் போவதற்கு முன்னால் அது சில மேசைகளைக் கடக்க வேண்டியிருந்தது. முதல் மேசையில், மாதிரிகளை ஏற்கும் பிரிவின் கண்காணிப்பாளர் ஹம்சவேணி.

"என்னம்மா இது?"

"நொச்சி எண்ணெய் மேடம்."

"நொச்சியா? திற, பாப்போம். காலையிலருந்து ஒரே தலைபாரம்." குப்பியை ஒரு நாசியில் வைத்து உறிஞ்சி, மறு நாசிக்கும் அநியாயம் செய்யாமல் உறிஞ்சி, நெற்றிப் பொட்டு இரண்டிலும் தொட்டுத் தடவிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்தார். "அசல் நொச்சிதான். ஏத்துக்கிட்டேன்" என்று முத்திரை குத்தினார். பக்கத்து மேசைக்காரருக்கு முழங்கால் வலி. அவர் ஏற்கிற அதிகாரத்தில் இல்லை என்றாலும் வேட்டியைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு நம்பிக்கையோடு காலை நீட்டினார்.

அடுத்தவர் பாதுகாப்பு அதிகாரி சாய்குமார். எந்த மாதிரியும் தீப்பற்றுமா என்று பார்த்துச் சான்று கொடுப்பது அவர் பொறுப்பு. பஞ்சில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினார். அது எரிந்தது.

"எரியுதேம்மா" என்றார் வருத்தமாக.

"எண்ணெய்னா எரியும்தானே சார்."

"எரியிற பொருளை அம்புட்டு விலையுள்ள கருவிகிட்ட கொண்டு போக நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? எரியாத எண்ணெயா கொண்டு வா, கண்ணை மூடிக்கிட்டுப் போடுறேன்."

எரியாத எண்ணெய் எந்த இலையில் வடியும் என்று தெரியாமல் தாமரைச்செல்வி வெளியே வந்தாள். குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு ஈரம் மட்டும் தெரிந்தது. கண்மாய்க் கரைக்குப் போய் மறுபடி மூட்டை கட்டி, மறுபடி கொதிக்கவைத்தாள். இந்தத் தடவை தந்திரமாக இரண்டு குப்பிகளில் பிடித்து, ஒன்றை நெற்றிக்கும் முழங்காலுக்கும் தீக்குச்சிக்கும் கொடுத்துவிட்டு, மற்றதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். சாய்குமார் இரண்டாவது முறையும் எரித்துப் பார்த்து, "இப்பவும் எரியுது. ஆனா போன தடவைக்கு இப்பக் கொஞ்சம் நிதானமா எரியுது" என்று முன்னேற்றத்தைப் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

கருவிக்கூடத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே குளிர்ச்சியான இருட்டில் கருவி நின்றது. நெற்றி என்று சொல்லத்தக்க இடத்தில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பக்கத்தில் நிற்கும் வாயு உருளைக்கு மாலை. சக்கரம் வைத்த மேசை என்பதால் ஆயுத பூஜைக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கருவி எங்கும் போகவில்லை என்பதால் பழங்கள் நசுங்காமல் காய்ந்துபோய் அங்கேயே இருந்தன. பொறுப்பாளர் சீதாராமன் நல்ல மனிதர். வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிர மொழியில் மெதுவாக நாலு வார்த்தை பேசி வைத்துவிட்டு, கருவி காதில் விழுந்திருக்குமோ என்பதுபோல ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்வார்.

ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் கருவிக்குக் கற்பூரம் காட்டுவது அவர் வழக்கம். காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவளுக்கும் தட்டை நீட்டினார். பிறகு ஒரு பழைய தீபாவளி ஸ்வீட் டப்பாவைத் திறந்து, ரப்பர் மூடி போட்ட விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து, அவளுடைய எண்ணெயைச் சொட்டுவிட்டுக் கருவியில் வைத்தார். முக்கால் மணி நேரம் ஓடியது. திரையில் கோடு மெல்லத் தவழ்ந்து வந்து, திடீரென்று எழுந்து, உச்சிவரை போய் நின்று இறங்கியது.

"வந்துருச்சும்மா கற்பூரம்!" என்றார் சீதாராமன், பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர் போல.

தாமரைச்செல்விக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்தக் கூம்புக்குப் பக்கத்தில் நொச்சியின் சொந்தச் சரக்கெல்லாம் குட்டி குட்டியாக ஒடுங்கிக் கிடந்தன. பிறந்ததிலிருந்து மோந்த வாசனை அவளுக்குத் தெரியாதா? இவ்வளவு கற்பூரம் இருந்தால் அவள் ஆவி பிடித்த வீடெல்லாம் கோயில் மாதிரி மணந்திருக்குமே. தாளை வாங்கிக்கொண்டு போய்விடலாம். பாண்டியராஜன் காத்திருந்தான், வெள்ளைத்தாள் காத்திருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

"சார், அந்த டப்பாவை ஒரு தடவை காட்டுங்களேன்."

டப்பாவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. குப்பிகளை ஒதுக்கிப் பார்த்தாள். அடியில் வெள்ளை வெள்ளையாகக் கற்பூர வில்லைகள், சில முழுசாக, சில கரைந்து காசு மாதிரி தேய்ந்து.

"பூசையில மிஞ்சுனதும்மா" என்றார் சீதாராமன் இயல்பாக. "சாமிக்கு வாங்குனதைக் குப்பையில போடலாமா? இதுல போட்டு வச்சா எறும்பு, கரப்பான் ஒண்ணும் அண்டாது. கருவி வந்த நாள்லருந்து இப்பிடித்தான்."

"சார், கற்பூரம் காத்துல கரையும். இந்த ரப்பர் மூடிக்குள்ள இறங்கிரும். மூடியிலருந்து குப்பிக்குள்ள. குப்பியிலருந்து கருவிக்குள்ள."

சீதாராமன் டப்பாவையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல வெளுத்தது. "அப்ப முருங்கையில?"

"இதுதான் சார்."

"கொய்யாவுல?"

"அதுலயும் இதுதான்."

"அய்யய்யோ" என்று அவர் கருவியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "வெளிய சொல்லிராதம்மா. ஐயா தேசிய விருதே முருங்கைக்காகத்தான் வாங்குனாரு."

தாமரைச்செல்வி சொல்லவில்லை. அன்று சாயங்காலமே மதுரைக்குப் போய், பெட்டி பிரிக்காத புதுக் குப்பிகள் வாங்கி வந்தாள். சீதாராமன் பயந்துகொண்டே மறுபடி ஓட்டினார். திரையில் நொச்சி தன் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. கற்பூரம் இருந்த இடத்தில் கோடு தரையோடு தரையாகப் போனது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாகத் தேடியதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அந்தத் தாளைக் கொண்டுபோய் இயக்குநர் அறையில் கையெழுத்துக்கு வைத்துவிட்டு, அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஹம்சவேணி கையெழுத்தோடு ஒரு குறிப்பாணை வந்தது. மையத்தில் ஆராயப்படும் இலைகளில் வழக்கமாக இருந்துவரும் கற்பூரம் தங்கள் பொறுப்பில் இருந்த மாதிரியில் காணாமல் போனது குறித்து, வெள்ளிக்கிழமை காலை விசாரணைக் குழு முன் தோன்றி விளக்கமளிக்கவும்.

"என்ன தாமரை, திருட்டுக் கேஸா?" என்றான் பாண்டியராஜன் குறிப்பாணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"கற்பூரத்தைக் காணமாம்."

"நீ எடுத்தியா?"

"இல்லாததை எப்பிடிங்க எடுப்பேன்?"

"அதைச் சொல்லு. கோர்ட்டுக்கு எதுக்கத்தான் கடை வச்சிருக்கேன், தெரிஞ்ச வக்கீலு ஒருத்தர் இருக்காரு" என்றான் அவன் உண்மையான அக்கறையோடு.

விசாரணை கருவிக்கூடத்திலேயே நடந்தது. நடுவில் வெள்ளைத்துரை, இருபுறமும் ஹம்சவேணியும் சாய்குமாரும், எல்லோரும் வெறுங்காலோடு. சீதாராமன் மூலையில் நின்றார். முதலில் சாய்குமார் ஆரம்பித்தார்.

"இலை எங்க பறிச்சது?"

"வாடிப்பட்டிக்குப் பக்கத்துல, கண்மாய்க் கரையில சார்."

"எதுல கொண்டு வந்தீங்க?"

"டூ வீலர்ல."

"மூட்டையை மூடிக் கட்டுனீங்களா, திறந்தா?"

"கொஞ்சம் திறந்துதான் இருந்துச்சு."

சாய்குமார் மற்ற இருவரையும் அர்த்தத்தோடு பார்த்தார். "வண்டி என்ன வேகம்? ஏன்னா, காத்துல போயிருக்கலாம்."

"சார், நொச்சியில அம்புட்டுக் கற்பூரம் கெடையாது" என்றாள் தாமரைச்செல்வி. சீதாராமனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் குப்பியில கற்பூர வாசம் ஏறியிருக்கு. நீங்களே மோந்து பாருங்க சார். இந்த டப்பாவுல இருக்கற எல்லாக் குப்பியிலயும் இருக்கு."

வெள்ளைத்துரை கையை உயர்த்தினார். அவர் பேசினால் மேடையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். எதிரே ஐந்நூறு பேர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும் அதே குரல்தான்.

"வாசனை ஆதாரமாகாது அம்மா. நாம் விஞ்ஞானிகள். மூக்கை நம்பினால் கருவி எதற்கு? ஒரு முடிவு ஒருமுறை வந்தால் அது சந்தேகம். பத்து முறை வந்தால் அது ஆராய்ச்சி. ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தால் அதற்குப் பெயர்தான் நிறுவனம். இந்த மையத்தில் எத்தனையோ அறிஞர்கள் பட்டம் பெற்றுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது கற்பூரம் வராமல் போனதுண்டா? வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட வந்திருக்கிறது. உனக்கு மட்டும் வரவில்லை என்றால், உன் இலையைச் சந்தேகிப்பதா, என் முருங்கையைச் சந்தேகிப்பதா?" கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கி, அவர் பிறந்த சோழவந்தான் பேச்சு வந்துவிட்டது. "அடுத்த வாரம் டெல்லிக்குப் போறேன்மா. கற்பூரம் இல்லாத இலையை வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட போவேன்?"

ஹம்சவேணி மெதுவாகச் சொன்னார்: "ஐயா, ஒருவேளை கருவிக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்னமோ. இந்த வருஷம் ஆயுத பூசையை அவசர அவசரமா முடிச்சோம். ராகு காலம் வந்துருச்சுன்னு பொங்கல்கூட வைக்கலை."

குழுவுக்கு மூச்சு வந்தது. இலையும் குற்றவாளி இல்லை, முருங்கையும் குற்றவாளி இல்லை. பழுது நீக்குகிற பொறியாளர் சென்னையிலிருந்து வர வேண்டும், அடுத்த வாரம்தான் வருவார். ஆனால் பூசாரி ரோட்டு முனையிலேயே இருந்தார். சொன்னதும் வந்துவிட்டார். மாலை வந்தது, தேங்காய் வந்தது, வாழையிலையில் பொங்கல் வந்தது. வழக்கமான வில்லைக் கற்பூரம் போதாது என்று ஒரு கட்டிக் கற்பூரமே கொளுத்தினார்கள். சாய்குமார் ஒரு கையால் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு மறுகையில் தீயணைப்பு உருளையைப் பிடித்தபடி நின்றார். புகையில் எல்லோரும் இருமினார்கள். மிஞ்சிய கற்பூரத்தைச் சீதாராமன் பழக்கதோஷத்தில் டப்பாவில் போட்டார். பிறகு டப்பாவிலிருந்தே ஒரு குப்பி எடுத்து, தாமரைச்செல்வியின் எண்ணெயைச் சொட்டுவிட்டுக் கருவியில் வைத்தார்.

முக்கால் மணி நேரம் போனது. கோடு தவழ்ந்தது, எழுந்தது, திரையின் மேல்விளிம்பைத் தொட்டது. ஹம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாய்குமார் கை தட்டினார். வெள்ளைத்துரை கருவியை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

"பொழச்சுக்கிச்சு" என்றார்.

அவர் விசாரணைக் கோப்பிலிருந்த பழைய தாளை அவளிடம் தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இந்தத் தாளை வைம்மா. உடம்பு சரியில்லாத நேரத்துல எடுத்த அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுரு. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தாரேன். அலுவலகம் மூடறதுக்குள்ள குடுத்துரலாம்."

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. பாண்டியராஜன்தான். "தாமரை, பைண்டிங்காரர் கடையை அடைக்கப் போறாராம். ஷீட்டு கைக்கு வந்துருச்சா? சீக்கிரம் சொல்லு."

அவள் இரண்டு தாளையும் பார்த்தாள். கையெழுத்துப் போடச் சொன்னால் முடிந்தது. ஒரு தாள்தானே. யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்த இன்னொரு தாளில் நொச்சி நிமிர்ந்து நின்றதே, அதைக் கிழிக்கச் சொன்னால் கை எப்படி வரும்?

"இருங்க, சொல்றேன்" என்று போனை வைத்தாள். "சார், ஒரே ஒரு தடவை. இன்னொரு தடவை மட்டும் ஓட்டச் சொல்லுங்க. உங்க எல்லாருக்கும் முன்னால. டப்பாவுலருந்து ஒரு குப்பியை எடுத்து, ஒண்ணுமே ஊத்தாம வையுங்க."

"ஒண்ணுமே ஊத்தாமயா?"

"காலிக் குப்பி சார். இலை இல்ல, எண்ணெய் இல்ல, ஒண்ணும் இல்ல."

காலிக் குப்பியை ஓட்ட விதியில் இடமில்லை என்றார் ஹம்சவேணி. காலிக் குப்பி எரியாது, அதனால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் சாய்குமார். வெள்ளைத்துரை நல்ல மனநிலையில் இருந்தார், தலையாட்டினார். மறுபடி முக்கால் மணி நேரம். தாமரைச்செல்வி ஒரு இடத்தில் நிற்க முடியாமல் கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெளியே சாலையில் பஸ் ஹாரன் ஒவ்வொன்றும் அலுவலகம் மூடுகிற மணி மாதிரி கேட்டது.

கோடு தவழ்ந்தது. நொச்சி வரவேண்டிய இடங்களில் ஒன்றும் இல்லை. எல்லாம் சமதரை. பிறகு, வழக்கமான அதே இடத்தில், சின்னதாக ஆனால் தெளிவாக ஒரு கூம்பு எழுந்தது. அதன் தலைக்கு மேலே கருவி தானாகவே பெயரையும் எழுதியது. கற்பூரம்.

சீதாராமன் கண்ணை மூடிக்கொண்டார். ஹம்சவேணி வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தாள் தாமரைச்செல்வி. ஒரு நிமிஷம் வெள்ளைத்துரையைப் பார்த்துப் பாவமாகக்கூட இருந்தது. அத்தனை பலகைகளும், அத்தனை மேடைகளும், முருங்கை விருதும் ஒரு காலிக் குப்பிக்குள் போய்விட்டன. மனுஷன் இதை எப்படித் தாங்குவார்?

வெள்ளைத்துரை திரைக்கு மிகப் பக்கத்தில் போய் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். திரும்பியபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"இலையே இல்லாமல்!" என்றார். "நண்பர்களே, இலையே இல்லாமல் கற்பூரம்! இத்தனை காலமும் நாம் இலை இலையாகத் தேடிக்கொண்டிருந்தோம். என்ன ஒரு குறுகிய பார்வை! இலை வெறும் வழிதான். கற்பூரம் அதற்கும் முன்னால் இருக்கிறது. ஒன்றுமில்லாத இடத்திலும் அது இருக்கிறது என்று நிரூபித்த முதல் மையம் நம் மையம். இனிமேல் இலை பறிக்க ஆள் வேண்டாம், மூட்டை வேண்டாம், கொதிக்கவைக்க வேண்டாம். எவ்வளவு மிச்சம்! ஹம்சவேணி, டெல்லிக்குப் போற உரையை மாத்தணும். தலைப்பு, வெற்றுக் குப்பியில் கற்பூரம். முதல் பெயர் என்னுடையது. ரெண்டாவது தாமரைச்செல்வி. மூணாவது சீதாராமன், அவர் டப்பாவைப் பேணி வந்ததுக்காக."

"சார்" என்றாள் அவள். "சார், அது டப்பாவுல இருக்கற..."

"அந்த டப்பாவை யாரும் தொடக் கூடாது! சாய்குமார், அதுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லு. பூட்டுப் போட்டது."

"என் பேரு வேணாம் சார். தயவுசெஞ்சு எடுத்துருங்க."

வெள்ளைத்துரை அவளைக் கண்டிப்போடு பார்த்தார். "காலிக் குப்பியை வைக்கச் சொன்னது நீதானம்மா? உன் பேரைப் போடாம நான் போட்டுக்கிட்டா அது திருட்டு. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. ஆராய்ச்சியில நேர்மைதான் முக்கியம்."

"அப்ப என் நொச்சி?"

"அதுவா?" என்றார் அவர், மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்தியதுபோல. "நொச்சியில இல்லாட்டிப் போகுது. காலிக் குப்பியிலயே கெடச்ச பெறகு நொச்சி எதுக்கு? எந்தத் தாளோ ஒண்ணை வச்சுக்க." பேனாவைத் திறந்து, பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். கற்பூரம் இல்லாத தாளில்தான் போட்டார். அவள்தான் அதை நீட்டியிருந்தாள்.

பைண்டிங்காரர் கடையை அடைக்கவில்லை. பாண்டியராஜன் அவரைக் கையைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தான். அலுவலகக் கதவு சாத்துகிற நேரத்தில் ஆய்வேடு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவன் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சுல்ல, பெறகென்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் பின்னால் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பட்டம் வந்தது. அதற்கு முன்னாலேயே காலிக் குப்பி ஆய்வு வெளிவந்து, பாராட்டுகளும் வந்துவிட்டன. சில மாதம் கழித்து, மதுரைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். தாமரைச்செல்வி நொச்சியைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்லும்படி தயார் செய்துகொண்டு போனாள். கோடை இலைக்கும் மழைக்கால இலைக்கும் உள்ள வித்தியாசம், கொசு எதைக் கண்டு ஓடுகிறது, எல்லாம். ராத்திரியெல்லாம் பாண்டியராஜனிடம் ஒப்பித்துக் காட்டியிருந்தாள். அவன் பாதியில் தூங்கிவிட்டாலும் முழுதும் சொல்லி முடித்திருந்தாள்.

உள்ளே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வேடு அவர்கள் மேசையில் மூடியபடியே இருந்தது. நடுவிலிருந்த முதல்வர் எழுந்து வணக்கம் சொன்னார். நேர்காணலுக்கு வந்தவளுக்கு முதல்வர் எழுந்து நிற்பதை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"காலிக் குப்பி தாமரைச்செல்வி மேடம் நீங்கதானே?"

"நான் நொச்சி இலையில சார்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா" என்று முதல்வர் குரலைத் தாழ்த்தினார். மற்ற மூவரும் முன்னால் சாய்ந்தார்கள். "எங்ககிட்டயும் அதே கருவி வாங்கிப் போட்டிருக்கோம். எதை வச்சு ஓட்டுனாலும், அந்தந்த இலையில என்ன இருக்கோ அதுதான் வருது. வேற ஒண்ணும் வர மாட்டேங்குது. பெரிய அவமானமா இருக்கு. நீங்க வந்தா எங்க கருவியிலயும் கற்பூரம் வரவைக்க முடியுமா?"

தாமரைச்செல்வி மேசை மேலிருந்த தன் ஆய்வேட்டைப் பார்த்தாள். வாசலில் வண்டியோடு நிற்கும் பாண்டியராஜனை நினைத்தாள். ஒருவராவது ஆய்வேட்டைத் திறப்பாரா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். யாரும் திறக்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"முடியும் சார்" என்றாள். "ரொம்பச் சுலபம்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.